ஒரு துண்டு போதும்!

வாசகர்களே! கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பிப் பவளம் வளர்ப்பவர்களை நீங்கள் கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய ஓயாத தொல்லை பாசிதான் என்பார்கள். கையால் பிய்த்து எறிந்தாலும் பாறை இடுக்கில் ஒரு துணுக்கு தங்கிவிடும். சில வாரங்களில் அது மீண்டும் தழைத்துப் பவளத்தை மூடிவிடும். தொட்டியாக இருந்தால் நீரைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கலாம். கடலையே தொட்டியாகக் கொண்ட இடத்தில் என்ன செய்வது?

இராமேசுவரத்தை அடுத்த குருசடைத் தீவில் இந்தக் கேள்வி உண்மையாகவே எழுந்தது. அதற்கு அளிக்கப்பட்ட ஒரு பதிலை இங்கே சற்று உரசிப் பார்ப்போம்.

வந்த விருந்தாளி

கப்பாபைகஸ் அல்வரேசி என்னும் பாசி பிலிப்பைன்ஸ் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. ஐஸ்கிரீம், பற்பசை முதலியவற்றைக் கெட்டியாக்க உதவும் காராஜீனன் என்ற பொருள் இதிலிருந்து கிடைக்கிறது. பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையம் இதை நம் நாட்டில் வளர்க்க வழி கண்டது. 2000-ஆம் ஆண்டுக்குப் பின், பெப்சி நிறுவனத்தின் ஒப்பந்த முறையில், மண்டபம் பகுதிப் பெண்கள் பாக் விரிகுடாவில் மூங்கில் மிதவைகள் கட்டி இதைப் பயிரிடத் தொடங்கினர். ஒரு மிதவையில் சுமார் 60 கிலோ விதைப்பாசி கட்டினால், 45 நாளில் அது ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகும். நிலமற்ற குடும்பங்களுக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை.

ஆனால் 2008-இல் மதுரையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், குருசடைத் தீவின் பவளங்கள்மீது இப்பாசி படர்ந்திருப்பதாகக் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதினர். பவள உயிரிகளின் உடலுக்குள் ஒரு செல் பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியால் உணவு சமைத்துத் தருகின்றன. வெளிப்பாசி மேலே கம்பளம்போல் படர்ந்தால் உள்பாசிக்கு ஒளி கிட்டாது. பவளமும் மெல்ல மெல்ல மடியும்.

பதிலும் அதன் பலவீனமும்

2010-இல் பவநகர் நிலைய ஆய்வாளர்கள் 'ஆல்கே' என்ற ஆய்விதழில் இதற்குப் பதில் எழுதினர். பாசி மூடிய பரப்பு 77 சதுர மீட்டருக்கு மேல் இல்லை. மொத்தப் பவளப் பரப்பில் அது 0.0035 சதவிகிதத்துக்கும் குறைவு. இப்பாசியின் வித்துகள் முளைக்கும் திறன் குன்றியவை. பாசி மேயும் உயிர்களும் அங்கே ஏராளம். ஆகவே மேலும் பரவுவது கடினம். இதுவே அவர்களின் வாதம்.

பாசியை அறிமுகப்படுத்திய நிலையத்தாரே அதற்குச் சான்று கூறினர் என்பதாலேயே அந்த ஆய்வு பொய்யாகிவிடாது. அவர்கள் கடலில் இறங்கி அளந்தார்கள். அதைப் பாராட்ட வேண்டும். குறை அளவில் இல்லை, அளவிலிருந்து பெற்ற முடிவில் இருக்கிறது.

முதலாவது, சதவிகிதம். லட்சத்தில் மூன்றரைப் பங்கு என்றால் எவருக்கும் அச்சம் வராது. ஆனால் நோயின் தொடக்கத்தை ஊரின் மொத்தப் பரப்பால் வகுத்தா மருத்துவர் முடிவு சொல்வார்? இன்று எவ்வளவு இடம் என்பதைவிட, சென்ற ஆண்டு எவ்வளவு, அடுத்த ஆண்டு எவ்வளவு என்பதே இங்கே கேட்க வேண்டியது.

இரண்டாவது, வித்து. மிதவையில் பெண்கள் கட்டுவது வித்தையா? இல்லை, பாசியின் துண்டுகளைத்தான்! ஒரு துண்டு ஒரு கொத்தாகிறது என்பதே இந்தத் தொழிலின் அடிப்படை. கையால் நாம் செய்வதை அலை கூலி வாங்காமல் செய்துவிடும். வடகிழக்குப் பருவக் காற்றின் காலத்தில் பாக் விரிகுடா நீர் பாம்பன் கால்வாய் வழியே மன்னார் வளைகுடாவுக்குப் பாய்கிறது. கால்வாயைத் தாண்டியதும் குருசடைத் தீவு!

மூன்றாவது, முன் அனுபவம். ஹவாயித் தீவின் கனியோகே விரிகுடாவில் 1974-இல் இவ்வினப் பாசி கொண்டுவரப்பட்டது. ஆழமான கால்வாயைத் தாண்டி இது பரவாது என 1983-இல் ஓர் ஆய்வு கூறிற்று. 1999-இல் வெளியான மற்றோர் ஆய்வோ, அது ஆண்டுக்குச் சுமார் 250 மீட்டர் வீதம் நகர்ந்து 6 கிலோமீட்டர் வரை போய்விட்டதெனக் காட்டியது. பின்னர் அங்கே நீருக்கடியில் பாசியை உறிஞ்சும் இயந்திரம் அமைத்தார்கள். பாசி மேயும் கடல் முள்ளெலிகளை வளர்த்துவிட்டார்கள். நம் கடலிலும் சிங்கிள் தீவு, முள்ளித் தீவு ஆகியவற்றின் பவளங்களில் பின்னாளில் இப்பாசி காணப்பட்டது.

எதிர்ப்போரின் குறை

இதனால் எதிர்ப்பவர்கள் சொல்வதெல்லாம் சரியென்று எண்ண வேண்டாம். "பாசி வளர்ப்பை அடியோடு நிறுத்து" என்போர், மிதவையை நம்பிய பெண்ணின் அடுப்பைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. 1986-இல் 21 தீவுகள் கடல் தேசியப் பூங்காவான பிறகு, கட்டக்கோரை, மரிக்கொழுந்து என்று இயற்கைப் பாசி எடுத்துவந்த பெண்களின் தொழில் நெருக்கடிக்குள்ளானது. அவர்களுக்கு மாற்றாகக் காட்டப்பட்டதே இந்த மிதவை. அதையும் பறித்தால் போக்கிடம் எது? மறுபுறம், பவளம் மடிந்தால் அதை அண்டி வாழும் மீனும் குறையும். அந்த இழப்பும் அதே குடிசைக்குத்தான்.

தமிழக அரசு 2005 டிசம்பரில், இப்பாசி வளர்ப்பைப் பாக் விரிகுடாவின் வடபுறத்துக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் வரையறுத்து ஆணையிட்டது. பவளத்தைவிட்டு விலகி வளர்ப்பது என்ற அந்த எண்ணம் நல்லதே. அதோடு மிதவைக்கு அடியில் வலை கட்டுவது, அறுந்த துண்டுகளைக் கரைசேர்ப்பது, நம் கடலுக்கே உரிய கஞ்சிப் பாசியைப் பயிரிட ஊக்குவிப்பது ஆகியவையும் வேண்டும். ஹவாயைப் பார்த்து வெளியூர் முள்ளெலியை இங்கே இறக்குவது மட்டும் கூடாது. அதுவே அடுத்த விருந்தாளியாகிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்ப்பவரும் எதிர்ப்பவரும் அல்லாத மூன்றாமவர் ஆண்டுதோறும் அதே இடத்தில் அளந்து, கணக்கைத் தமிழில் வெளியிட வேண்டும். இனி எவரேனும் "மிகச் சிறிய பரப்புதான்" என்று சொன்னால், வாசகர்களே, "எந்த ஆண்டில்?" என்று தயங்காமல் கேளுங்கள்!