புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம்

பழைய பயணி விமானங்களின் வழிகாட்டும் கருவிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலோர் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றனர்: "அந்தக் காலக் கருவிகளில் துல்லியம் போதாது, செயற்கைக்கோள் வந்தது, குறை தீர்ந்தது." இத்தீர்ப்பில் பாதிதான் சரி. மறுபாதி தவறு மட்டுமன்று, ஆபத்தும்கூட. ஏன் என்பதை நீங்களே எடைபோட்டுப் பார்க்கும்படி விஷயத்தை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கண்ணைக் கட்டிக்கொண்டு பேருந்தில் செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். வண்டி வேகமெடுக்கும்போது முதுகு இருக்கையில் அழுந்துகிறது. வளையும்போது உடல் ஒரு பக்கம் சாய்கிறது. இவற்றை ஒன்று விடாமல் அளந்து கணக்கிட்டு வந்தால், வெளியே பாராமலே இருக்குமிடத்தைச் சொல்லிவிடலாம். 1970-களில் போயிங் 747, டி.சி.10 போன்ற விமானங்களில் இருந்த நிலைம வழிகாட்டி முறை இதைத்தான் செய்தது. முடுக்கமானிகள் முடுக்கத்தை அளக்கும். கைரோஸ்கோப்புகள் திசையைக் காக்கும். கணிப்பொறி முடுக்கத்திலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து தொலைவையும் கூட்டிக் கணக்கிடும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. முடுக்கமானியைத் தாங்கும் மேடை ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு சாய்ந்திருந்தால்கூட, புவியீர்ப்பின் ஒரு சிறு கூறு முடுக்கம்போலத் தோன்றும். திருத்தம் ஏதும் இல்லையெனில் ஒரு மணி நேரத்தில் பிழை ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஆகிவிடும். இதற்கு வழி காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் ஷூலர். விமானம் நகர நகர, பூமியின் வளைவுக்கு ஏற்ப மேடையையும் திருப்பிக்கொண்டே வந்தால், பிழை வளராமல் ஊசல்போல் அலையும் என்பதை அவர் 1923-இல் விளக்கினார். தனி ஊசலின் சூத்திரத்தில் நூலின் நீளத்துக்குப் பதிலாகப் பூமியின் ஆரத்தை இட்டுப் பாருங்கள். அலைவு நேரம் 84.4 நிமிடம் என்று வரும். மேலே சொன்ன 18 கிலோமீட்டர் பிழை இப்போது 4 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

எனினும் கைரோஸ்கோப்பின் மெதுவான நழுவல் எஞ்சுகிறது. மணிக்கு ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு நழுவினாலே 0.6 கடல் மைல் பிழை சேரும். எல்லாம் சேர்ந்து மணிக்கு ஒரு கடல் மைல் அளவில் பிழை வளரும் என்பது பொதுக் கணக்கு. பத்து மணிப் பயணத்தில் விமானம் 4,800 கடல் மைல் கடக்கிறது. பிழை பத்து கடல் மைல்தான். வெளியுலகிலிருந்து எந்த உதவியும் பெறாத ஒரு கருவிக்கு இது சிறுமையா? இல்லை.

1982-இல் போயிங் 767 சேவைக்கு வந்தபோது, லேசர் கைரோஸ்கோப்புகளோடு விமான மேலாண்மைக் கணிப்பொறியும் வந்தது. நிலத்துக்கு மேல் பறக்கும்போது இது டி.எம்.இ. எனப்படும் ரேடியோ நிலையங்கள் இரண்டிலிருந்து தொலைவைக் கேட்டறிந்து, நிலைமப் பிழையைச் சில நூறு மீட்டருக்குள் திருத்திக்கொள்ளும். ஆனால் இரு நிலையங்களும் விமானத்திலிருந்து பார்க்கையில் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தால் இந்தத் திருத்தம் நம்பத்தக்கதாகாது. நடுக்கடலிலோ நிலையமே இல்லை.

இவ்வளவும் பொறியியலின் வெற்றியே. என் குறை வேறு.

முதற் குறை, காட்டும் முறை. பழைய நிலைமக் கருவியின் முகப்பில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒரு நிமிடத்தின் பத்தில் ஒரு பங்கு வரை ஒளிரும். அட்சரேகையில் அது 185 மீட்டர். புறப்பட்ட பத்தாம் நிமிடத்திலும் அதே இலக்கங்கள். பிழை பதினெட்டு கிலோமீட்டராக வளர்ந்திருக்கக்கூடிய பத்தாம் மணியிலும் அதே இலக்கங்கள்! சாதாரண நிறுத்துக் கடிகாரத்தையும் நூலையும் வைத்துக்கொண்டு, புவியீர்ப்பு முடுக்கம் 9.8034 என்று ஆய்வேட்டில் எழுதும் மாணவனை ஆசிரியர் கண்டிக்கிறார். கருவி தராத துல்லியத்தை எண் காட்டக்கூடாது என்பது நாம் கற்பிக்கும் பாடம். விமானிக்கு எதிரேயுள்ள முகப்பும் அந்தப் பாடத்துக்குக் கட்டுப்பட வேண்டாமா?

விதிகளை வகுத்தவர்கள் இதை உணர்ந்திருந்தனர். கடல்வழிகளில் 100-க்கு 95 பங்கு நேரம் 10 கடல் மைலுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது, இடையில் திருத்தம் பெறாமல் நிலைம முறையை மட்டும் நம்பும் விமானங்களுக்கு 6.2 மணி நேரம் என்று வரம்பு கட்டினர். அது நேர்மையான எண். ஆனால் அது விதிப்புத்தகத்தில் இருந்தது, முகப்பில் இல்லை.

இரண்டாம் குறை இன்னும் பெரிது. புறப்படும்போது இருக்குமிடத்தைக் கருவிக்கு நாம்தான் சொல்ல வேண்டும். 2015 மார்ச் 10 அன்று சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட ஏர் ஏசியா எக்ஸ் விமானத்தில், 151 டிகிரி 9.8 நிமிடம் என்று இட வேண்டிய தீர்க்கரேகை 15 டிகிரி 19.8 நிமிடம் என்று இடப்பட்டது. கணிப்பொறியின் கணக்கில் விமானம் கேப் டவுனுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் நின்றது! பிழை 11,000 கிலோமீட்டருக்கும் மேல். அதைக் காட்டும் அறிகுறிகள் இருந்தும், விமானம் மேலெழும்பும் வரை எவரும் உணரவில்லை. எழும்பியபின் பல கருவிகள் குழம்பின. இறுதியில் விமானிகள் மெல்போர்னில் பத்திரமாக இறங்கினர். மேம்படுத்தப்பட்ட மேலாண்மைக் கணிப்பொறி இருந்திருந்தால் இப்பிழை தடுக்கப்பட்டிருக்கும் என்று ஆஸ்திரேலிய விசாரணை அமைப்பு கூறியது. அந்த விமானத்தில் அது பொருத்தப்படவில்லை.

எல்லோருக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை. 1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்தின் டி.சி.10 விமானம் அண்டார்க்டிகாவின் எரெபஸ் மலையில் மோதி 257 பேர் மாண்டனர். பயணத்துக்குச் சில மணி நேரம் முன்பு, வழித்தடத்தின் கடைசிப் புள்ளியின் தீர்க்கரேகை தரைக் கணிப்பொறியில் 2 டிகிரி 10 நிமிடம் மாற்றப்பட்டிருந்தது. அந்தத் தென்கோடியில் அது ஏறக்குறைய 50 கிலோமீட்டர். விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை. கடலுக்கு மேலே செல்கிறோம் என்று அவர்கள் எண்ணியிருக்க, கருவி அவர்களை மலையை நோக்கிச் செலுத்தியது. முதல் அறிக்கை, தாழ்வாக இறங்கிய விமானியைக் குறை கூறியது. 1981-இல் நீதிபதி மகோனின் ஆணையம், சொல்லாமல் செய்த மாற்றமே முதற் காரணம் என்றது. கருவியோ கொடுத்த எண்ணுக்குத் தவறாமல் பணிந்தது.

இவ்விரண்டிலும் கைரோஸ்கோப் பிழை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். "துல்லியம் போதாது" என்ற தீர்ப்பு இங்கே பொருந்தாது.

செயற்கைக்கோள் வந்தபின் குறை தீர்ந்ததா? இன்று பிழை சில மீட்டர்தான். பிற்காலக் கணிப்பொறிகள் தம் பிழை எவ்வளவு இருக்கக்கூடும் என்பதையும் மதிப்பிட்டுக் காட்டுகின்றன. முதற் குறைக்கு இது நல்ல மருந்து. ஆனால் 2023-இன் பிற்பகுதி முதல், மேற்காசிய வான்வழிகளில் போலி ஜி.பி.எஸ். அலைகளால் விமானங்கள் தவறான இடத்தைக் காட்டிய செய்திகள் வந்துள்ளன. எதையும் வெளியிலிருந்து கேளாத தனி நிலைமக் கருவியை இவ்வாறு ஏமாற்ற முடியாது. அதைச் செயற்கைக்கோளைக் கொண்டு இடைவிடாது திருத்தும்படி இணைத்துவிட்டாலோ, போலி அதற்குள்ளும் புகுந்துவிடும்.

ஆகவே, ஒரு வழிகாட்டும் கருவியை மதிப்பிடும்போது எத்தனை மீட்டர் துல்லியம் என்று மட்டும் கேட்காதீர்கள். தன் பிழையைத் தானே சொல்கிறதா? தரப்பட்ட எண் பொருந்துமா என்று சோதிக்கிறதா? மாற்றம் செய்தவர் பயன்படுத்துபவருக்குச் சொல்ல வழி இருக்கிறதா? இந்த மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். விடை "இல்லை" என்று வந்தால், புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் ஒளிர்ந்தாலும் அந்தக் கருவி தேர்வில் தேறவில்லை என்றே மதிப்பெண் இடுங்கள்.