கூட்டுக் கொள்ளை, தனிப் பை: 'பார்டர்லேண்ட்ஸ் 2' – ஒரு வாசிப்பு

'வீடியோ விளையாட்டுக்கெல்லாம் விமர்சனமா?' என்று கேட்கிற தோழர்கள் இன்னும் இருக்கிறார்கள். சினிமா பற்றி எழுதத் தொடங்கியபோதும் இதே கேள்விதான் வந்தது. நூறு மணிநேரம், இருநூறு மணிநேரம் என்று ஆட்கள் உள்ளேயே கிடக்கிற ஒரு பிரதியை வாசிக்க மாட்டேன் என்பது பழைய இலக்கியத் தூய்மைவாதம். இதற்கு மேல் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கியர்பாக்ஸ் நிறுவனம் 2009இல் உருவாக்கிய 'பார்டர்லேண்ட்ஸ்' விளையாட்டின் இரண்டாம் பாகம் 2012 செப்டம்பரில் வந்தது. இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆட்டம் எளியது. சுட வேண்டும், செத்தவர்களிடமிருந்தும் பெட்டிகளிலிருந்தும் கொட்டுகிற துப்பாக்கிகளைப் பொறுக்க வேண்டும், அதைவிட நல்ல துப்பாக்கிக்காக மறுபடி சுட வேண்டும். தனியாகவும் ஆடலாம், நாலு பேர் வரை சேர்ந்தும் ஆடலாம். ஆள் கூடக்கூட எதிரிகளின் பலமும் கூடும், கொட்டுவதும் கூடும். துப்பாக்கிகளை முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்திருக்கவில்லை. குழல், பிடி, கட்டை, குறிக்கண்ணாடி என்று உறுப்புகளைக் கணினி குலுக்கிச் சேர்த்து அந்தந்த நேரத்தில் ஒன்றைப் பிறப்பிக்கிறது. முதல் பாகத்திலேயே ஒன்றே முக்கால் கோடி வகைகள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. தரத்தைச் சொல்ல வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்று ஒரு வர்ண வரிசை. (சொல் தற்செயலாக விழுந்ததுதான். ஆனாலும் உறுத்துகிறது.)

கதை பண்டோரா என்ற கிரகத்தில் நடக்கிறது. வானத்தில் நிலாவுக்கு முன்னால் 'எச்' எழுத்து வடிவில் ஒரு விண்நிலையம் தொங்குகிறது. அங்கிருந்து ஹைப்பீரியன் என்ற கம்பெனியின் தலைவன் ஹேண்ட்சம் ஜேக் எரிடியம் என்ற கனிமத்துக்காகக் கிரகத்தைக் குடைந்துகொண்டிருக்கிறான். ஆடுகிறவர்கள் அவனை எதிர்க்கும் கூலிவீரர்கள். ஆனால் ஆட்டத்தின் மையம் ஜேக்தான். எங்கே போனாலும் வானொலியில் அவன் குரல் தொடர்கிறது. சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறான், பேச்சோடு பேச்சாகக் கொலைகளையும் சொல்லிவிடுகிறான். நம்மை அவன் கூப்பிடுகிற பெயர் 'கொள்ளைக்காரன்'. தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'நாயகன்', காட்டுமிராண்டிகளின் மண்ணைச் சீர்படுத்த வந்தவன். தெருவில் போலீஸ்காரன் கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிறவன் அந்தத் திரும்பலிலேயே தன்னிலையாக வார்க்கப்படுகிறான் என்று அல்தூசர் 1970இல் எழுதினார். இங்கே கூப்பிடுகிறவனைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்துக்கொண்டே அவன் வைத்த பெயருக்கேற்ற வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

பெயர்களைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். இந்த வகை ஆட்டங்களுக்கு ஆங்கிலத்தில் 'லூட்டர் ஷூட்டர்' என்று பெயர். 'லூட்' இந்துஸ்தானிச் சொல். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. 1757இல் பிளாசிப் போருக்குப் பிறகு கிளைவ் தன் சொந்தக் கணக்கில் பெற்றது 2,34,000 பவுண்டு. 'தக்', 'டக்காய்ட்' என்ற சொற்களும் நம் பக்கத்திலிருந்து போனவைதான். அந்தச் சொற்களை எந்த அகராதியும் கிளைவுக்குப் பொருத்தவில்லை. கம்பெனி வேட்டையாடியவர்களுக்குத்தான் பொருத்தியது. 'பாண்டிட்' இத்தாலியிலிருந்து வந்த சொல்: பறையறைந்து சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவன் என்று அர்த்தம். ஒருவன் என்ன செய்தான் என்பது அப்புறம். பறை யார் கையில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. இந்த அளவில் ஜேக்கின் வாய் வரலாற்றை நன்றாகவே படித்திருக்கிறது.

சரி, பண்டோராவின் கொள்ளைக்காரர்கள் யார்? இதற்கான பதிலை விளையாட்டே வைத்திருக்கிறது, ஓரத்தில் போட்டு வைத்திருக்கிறது. டால் என்ற இன்னொரு கம்பெனி சுரங்க வேலைக்குச் சிறைக்கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியது. பிறகு கம்பெனி கிளம்பிப் போய்விட்டது. கைதிகள் அப்படியே விடப்பட்டார்கள். நாம் ஆயிரக்கணக்கில் சுடுகிற முகமூடிக்காரர்கள் அவர்கள்தான்: கைவிடப்பட்ட சுரங்கக் கூலிகள். 1969இல் ஹாப்ஸ்பாம் எழுதிய 'கொள்ளையர்கள்' நூலில், சட்டம் குற்றவாளி என்றவனைக் குடியானவர்கள் தங்கள் ஆள் என்று கொண்டாடிய கதைகள் நிறைய உண்டு. பண்டோராவில் அப்படிக் கொண்டாட ஆளே இல்லை. இவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மொழி வெறும் கூச்சல். 'சைக்கோ' என்பது இனப்பெயராகிவிட்டது. குள்ளமானவர்களைக் குறிக்க முதல் இரண்டு பாகங்களிலும் இருந்த வசைச்சொல்லை 2019இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் மாற்றினார்கள். சொல் மாறியது, சுடுவது மாறவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. கிரீக் என்ற சைக்கோவை 2013 மே மாதத்தில் ஆடத்தக்க பாத்திரமாகத் தனி விலைக்கு விற்றார்கள். ஹைப்பீரியனின் பரிசோதனைகளால் மனம் பிளந்தவன். வெளியே பிதற்றல், உள்ளே நிதானமாக, குற்ற உணர்வோடு பேசுகிற இன்னொரு குரல். இந்த ஒருவனுக்கு உள்மனம் இருக்கிறது என்றால் மற்றவர்களுக்கு? இந்தக் கேள்வி எழுகிற இடத்தில் விளையாட்டு அடுத்த பெட்டியைத் திறந்து காட்டிவிடுகிறது.

கம்பெனிகளைப் பகடி செய்வதால் இதை முதலாளிய எதிர்ப்புப் பிரதி என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. பகடி தரமானதுதான், மறுக்கவில்லை. விளாடோஃப் என்ற துப்பாக்கிக் கம்பெனி சோவியத் சாயலில் கிளர்ச்சி பேசி விற்கிறது. டீடியோர் துப்பாக்கியில் குண்டு தீர்ந்தால் நிரப்புவதில்லை, துப்பாக்கியையே வீசி எறிகிறோம், அது வெடிக்கிறது, கையில் புதுசு முளைக்கிறது. பயன்படுத்தித் தூக்கியெறியும் பண்டத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் பேசியதில்லை. ஆனால் பகடி பேச்சில் இருக்கிறது, விதிகளோ வேறு வேலை பார்க்கின்றன. நாம் செத்தால் நம்மை மறுபடி உண்டாக்கும் இயந்திரம் ஹைப்பீரியனுடையது. எதிரியின் இயந்திரம். ஒவ்வொரு சாவுக்கும் கையிருப்பில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறது. கதைக்குள் எதிர்ப்பியக்கத் தலைவன் ரோலண்ட் செத்தால் செத்ததுதான், அவனுக்கு இந்த வசதி கிடையாது. இன்னொரு இடத்தில் ஜேக் நமக்கு ஒரு வேலை தருகிறான்: மலையுச்சியிலிருந்து குதித்துச் செத்துப்போ, எரிடியம் தருகிறேன். குதிக்கிறோம், கூலி வந்துவிடுகிறது. முதலாளியைச் சிரித்துக்கொண்டே வெறுக்கவும் அவனிடமே கூலி வாங்கவும் நம்மைப் பழக்குகிற காட்சி இது. ஏன் குதித்தோம்? அடுத்த ஆரஞ்சு எப்போது விழும் என்று தெரியாததால். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாத புறா கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை ஸ்கின்னர் காட்டிவிட்டார். ஸேங்க்சுவரி நகரத்தில் மாக்ஸியின் மதுக்கடையில் சூதாட்ட இயந்திரங்களே வைத்திருக்கிறார்கள். பண்டோராவே பெரிய சூதாட்ட இயந்திரமாக இருக்கும்போது அது எதற்கு என்றுதான் புரியவில்லை.

இந்தப் பிரதி தன் சிரிப்பை ஓர் இடத்தில் நிறுத்துகிறது. முதல் பாகத்திலிருந்து நமக்கு வழிசொல்லி வந்த ஏஞ்சல் என்ற குரலை நாம் ஒரு கணினி நிரல் என்று நினைக்கிறோம். அவள் ஜேக்கின் மகள். சிறைவைக்கப்பட்டு, உடம்பில் எரிடியம் செலுத்தப்பட்டு, பெட்டகத்தின் சாவிக்குச் சக்தியூட்டும் கருவியாக மாற்றப்பட்டவள். எங்கே போக வேண்டும், யாரைச் சுட வேண்டும் என்று இத்தனை நேரமும் சொன்ன குரல் ஒரு கைதியின் குரல். தன்னைக் கொல்லும்படி அவளே கேட்கிறாள், கொல்கிறோம். பெண்ணின் உடலைத் தந்தையும் மூலதனமும் ஒரே கையாக நின்று உறிஞ்சுவதை இவ்வளவு நேரடியாக வைத்ததற்காகவே இந்தப் பாகத்தை மறுபடி மறுபடி பேசலாம். அவள் செத்த பிறகு விளையாட்டு என்ன செய்கிறது? அடுத்த பணியைக் கொடுக்கிறது. அதே ஆண்டு, அதே 2கே நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' ஆடுகிறவனுக்குச் சுடும் சுகமே கசந்துபோகும்படி செய்தது. பார்டர்லேண்ட்ஸுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. சுகத்தைக் கெடுத்தால் பை நிறையாதே.

இப்படியே எழுதி முடித்து, 'பண்பாட்டுத் தொழிற்சாலை' என்று ஒரு முத்திரை குத்தி விட்டுவிடலாம். அப்படிச் செய்தால் இதில் உண்மையாகவே அரசியலாக இருக்கிற ஒன்று தப்பிப் போய்விடும். அது ஜேக்கின் வசனத்தில் இல்லை, தரையில் கிடக்கிறது.

நாலு பேர் சேர்ந்து ஒரு பெரிய எதிரியைச் சாய்க்கிறோம். துப்பாக்கிகள் கொட்டுகின்றன. இந்த இரண்டாம் பாகத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிவது ஒரே குவியல். பணத்தை யார் தொட்டாலும் எல்லார் கணக்கிலும் ஏறும். துப்பாக்கி அப்படியல்ல, முதலில் எடுத்தவன் பைக்குத்தான். பங்குபிரிக்க விதியே கிடையாது. முதல் ஒரு வாரம் நாங்கள் நாலு பேரும் எதிரியைவிட ஒருவரையொருவர்தான் அதிகம் கண்காணித்தோம். 'டேய், கைய வைக்காத, அது ஸ்னைப்பர்டா, எனக்குத்தான் ஆகும்' என்பதுதான் அன்றாட உரையாடல். பிறகு யாரும் உட்கார்ந்து எழுதாமலே ஒரு முறை உண்டானது. யாருக்குப் பொருந்துமோ அவருக்கு முதல் உரிமை. விழுந்துகிடந்தவரைத் தூக்கிவிட்டதால் சுட முடியாமல் போனவருக்கு அடுத்தது. சரியாகச் சுடவே தெரியாத நண்பருக்கும் பங்கு உண்டு, இதில்தான் சண்டை அதிகம்.

தொல்காப்பியம் வெட்சித் திணையில் ஆநிரை கவர்தலோடு நிறுத்தாமல் 'பாதீடு' என்று பங்கிடுவதையும் ஒரு துறையாக வைத்தது. புறப்பொருள் வெண்பாமாலை இன்னும் நுணுகி, வேவு பார்த்தவனுக்குக் கூடுதலாகக் கொடுப்பது 'புலனறி சிறப்பு', புள் நிமித்தம் சொன்னவனுக்குக் கொடுப்பது 'பிள்ளை வழக்கு' என்று பிரித்தது. கொள்ளையைப் புகழ்கிற இலக்கணம்தான், பறிகொடுத்தவன் பக்கம் அது பார்க்கவில்லை. ஆனால் வில் எடுக்காதவனுக்கும் பங்கு உண்டு என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. 1799இல் சிறீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கம்பெனிப் படையும் பங்கிட்டது. அதற்கென்று ஒரு குழு உட்கார்ந்து திப்புவின் அரியணையையே உடைத்துத் துண்டாக்கியது. பங்கு பதவிவாரியாகப் போனது: தளபதிக்குப் பெரும்பங்கு, சிப்பாய்க்கு மிச்சம். கியர்பாக்ஸுக்குள்ளும் பங்கீடு பிரச்சினையாகியிருக்கிறது. மூன்றாம் பாகம் நன்றாக விற்றும் ஊழியர்கள் எதிர்பார்த்த ஊக்கத்தொகை வரவில்லை என்று 2020 ஏப்ரலில் அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

அந்த மூன்றாம் பாகத்தில் தரைச் சண்டைக்கு ஒரு தீர்வு வைத்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும்போதே கேட்கும். பழைய மாதிரி ஒரே குவியல் வேண்டுமா? அதற்குக் 'கூட்டுறவு', 'போட்டி' இரண்டையும் ஒட்டி ஒரு புதுச்சொல். இல்லை, அவரவருக்குத் தனித்தனியாக விழட்டுமா? அதற்குப் பெயர் வெறும் 'கூட்டுறவு'. இரண்டாவதைத் தேர்ந்தால் எனக்கு விழுந்தது உனக்குத் தெரியாது, உனக்கு விழுந்தது எனக்குத் தெரியாது. யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நாங்கள் அதில்தான் ஆடினோம், ஒரு சண்டைகூட வரவில்லை. சுடத் தெரியாத அந்த நண்பருக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கவனிக்கவும் இல்லை.