அரங்கநாதனாரின் ஐந்து விதிகளும் நம் நூல் நிலையங்களும்

நூல் நிலையத்தைப் பற்றித் தமிழர் ஒருவர் எழுத, உலகம் ஏற்றுக்கொண்ட நூல் ஒன்று உண்டு. அது சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்'. கணித ஆசிரியராக இருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார்; இங்கிலாந்து சென்று பயின்று, அங்குள்ள நூல் நிலையங்களை நேரில் கண்டு திரும்பினார். அவ்விதிகளை நாம் மேடைதோறும் எடுத்தோதுகிறோம். சோதித்துப் பார்க்கிறோமா என்பதே ஈண்டு எழும் வினா.

நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை என்னும் முதல் விதியை அவர் விளக்கும் முறை கருதத்தக்கது. நூல் நிலையம் எவ்விடத்தில் அமைந்துள்ளது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, இருக்கைகள் எப்படி, ஊழியர் எத்தகையோர் என்று ஆராய்கிறார். இவை யாவும் நேரில் சென்று விடை காணத்தக்கவை. நூலின் சிறப்பு இதுவே. எனினும், விதிகள் அடைய வேண்டிய நிலையைக் கூறுவன. ஒரு நூல் நிலையம் அந்நிலையை எவ்வளவு எட்டியுள்ளது என்பதை அளந்தே அறிய வேண்டும்.

ஒவ்வொரு நூலும் தன் வாசகரைச் சேர வேண்டும் என்கிறது மூன்றாம் விதி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆலன் கென்ட் குழுவினர் செய்து 1979இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் உரைகல். அங்கு 1969இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு, 1975 முடியும்வரை ஒருமுறையேனும் இரவல் பெறப்படவில்லை. இம்முடிவை அப்படியே ஏற்பதும் தகாது. இரவல் ஏடு வீட்டிற்குச் சென்ற நூலைக் காட்டும். அங்கேயே அமர்ந்து படித்த நூலைக் காட்டாது. ஆய்வின் முறையும் முடிவும் வெளிவந்தமையால்தான் பிறர் மறுக்கவும் திருத்தவும் இயன்றது. மேசை அறைக்குள் உறங்கும் கணக்கு எவருக்கும் உதவாது.

நம் நாட்டிற்கு வருவோம். இராம. சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' (1969), மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்டது. எவை எழுதப்பட்டன என்பதற்கு அது சான்று. எவர் படித்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

பேராக்கில் இரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போயின. குடும்பங்கள் காம்பார், ஈப்போ முதலிய பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. பட்டணத்தில் நூல் நிலையம் இருந்தாலும், வேலைக்குச் செல்லும் பெற்றோர் பிள்ளையை அங்கு அழைத்துச் செல்லப் பொழுது வேண்டுமன்றோ? வராத பிள்ளையின் பெயர் எந்த ஏட்டிலும் இராது. 'நம் பிள்ளைகள் படிப்பதில்லை' என்று குறை கூறுவோர், வந்தோர் கணக்கை மட்டும் வைத்து வராதோர்மீது தீர்ப்பளிக்கின்றனர்.

இதற்கு மாற்று தமிழாசிரியர் கையில் உள்ளது. பள்ளி நூல் நிலையத்தில் ஒரு தவணைக் காலம் மூன்று செய்திகளைக் குறித்து வரலாம். எவரும் தொடாத நூல் எது? கேட்டும் கிடைக்காத நூல் எது? வராத மாணவர் எத்தனை பேர், ஏன் வரவில்லை? பிள்ளைகளின் பெயர்களை நீக்கி, கணக்கிட்ட முறையையும் சேர்த்து, அண்டைப் பள்ளிகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். நமக்குப் பாதகமான முடிவையும் மறைத்தல் கூடாது. நூல் வாங்கக் கிடைக்கும் பணம் சிறிது. பிள்ளை கேட்ட கதைநூல் இல்லாதிருக்க, கேட்காத நூல்கள் அலமாரியை நிரப்புமாயின், ஐந்து விதிகளையும் மனப்பாடமாக ஒப்பிப்பதால் ஆவது யாது?