சொல்லாமற் சொல்லும் காதல்

குடும்ப நண்பர் ஒருவர் தம் மகளின் கைப்பேசியைப் பறித்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இரண்டு ஆண்கள் காதலிக்கும் கதையை விடிய விடியப் பார்க்கிறாள், ஐயா. நீங்கள்தாம் புத்தி சொல்லவேண்டும்," என்றார். புத்தி சொல்லுமுன் அதைப் பார்த்துவிடுவதே முறையென்று கருதி, 2019-இல் வெளிவந்த 'சென் சிங் லிங்' என்னும் அச்சீனத் தொடரின் ஐம்பது பகுதிகளையும் பார்த்து முடித்தேன்.

மோ சியாங் தொங் சியூ என்னும் பெண் எழுத்தாளரின் மூலக் கதையில் நாயகர் இருவரும் காதலர். தொடரிலோ, சீனத் தணிக்கைக்கு அஞ்சி, அவர்கள் உயிர் நண்பராக்கப்பட்டனர். காதல் என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. ஆயினும், இறந்தவனென்று கருதப்பட்டவன் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் குழலில் ஒரு பழைய மெட்டை வாசிக்க, மற்றவன் வந்து அவன் மணிக்கட்டைப் பற்றுகிறான். ஒரு சொல்லும் இல்லை. உள்ளுறையையும் இறைச்சியையும் நாம் கரும்பலகையில் எழுதிப் போட்டும் பிடிபடாத மாணவர், இக்காட்சியின் குறிப்பை யாரும் கற்பிக்காமலே உணர்ந்துகொள்கின்றனர். தணிக்கையாளர் அறியாது செய்த இலக்கியப் பணி இது எனலாம்!

இவ்வகைக் கதைகள் இன்று நேற்றுத் தோன்றியவையல்ல. ஜப்பானில் மோட்டோ ஹாகியோ 1974-இலும், தகேமியா கெய்கோ 1976-இலும் சிறுமியர் இதழ்களில் இவற்றைச் சித்திரக் கதைகளாக வரைந்தனர். பெண்கள் பெண்களுக்காகப் படைத்த ஆண்களின் காதல் அது. ஆண்பாற் புலவர் தலைவியின் கூற்றாகப் பாடிய மரபில் வந்த நமக்கு இது பெருவியப்பாகத் தோன்றவேண்டியதில்லை. சமையலும் சீதனமும் மாமியாரும் குறுக்கிடாத காதலைக் கற்பனை செய்ய அப்பெண்களுக்கு இஃது ஒரு வழியாயிற்று என்றே நான் எண்ணுகிறேன்.

குறையும் அங்கேதான் உள்ளது. இவ்வகைக் கதைகள் பலவற்றில் ஒருவன் ஆள்பவன், மற்றவன் அடங்குபவன். விட்டுவந்த கணவன் மனைவி அச்சே வேறுடையில் திரும்பிவிடுகிறது. பெண் பாத்திரங்களோ இடையூறு செய்ய வருகின்றனர், அல்லது இறந்துபோகின்றனர். உண்மையில் அவ்வாறு வாழ்வோரின் வீடும் அச்சமும் இக்கதைகளில் அரிதாகவே தென்படுகின்றன. சிங்கப்பூர் 2022-இல் 377ஏ சட்டப் பிரிவை நீக்க வாக்களித்தது. மலேசியாவில் ஆண்களிடையேயான உறவு இன்றும் குற்றமே. இவ்வேறுபாட்டை அழகிய முகங்களைக் காட்டும் தொடர் எதுவும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

படித்தால் கெடுவர் என்பாரும் உளர். நான் அதனை ஏற்கிலேன். நளவெண்பா படித்தவரெல்லாம் சூதாடப் போய்விடவில்லை. எனக்குக் கவலை தருவது வேறொன்று. பெண்மை கலந்த நடையுடைய சிறுவனை ஆசிரியர் அறையிலேயே நாம் நகையாடியதுண்டு, நானும் உடன் சிரித்ததுண்டு. அத்தகைய ஒருவன் அக்கதையைத் தேடிச் செல்வானாயின், அவனைத் தடுக்க எனக்கு என்ன தகுதி?

மீண்டும் அந்நண்பரைக் கண்டபோது, தொடர் முழுவதையும் பார்த்துவிட்டேன் என்றேன். திகைத்தார். கைப்பேசியை மகளிடம் கொடுத்துவிட்டீரா என்று கேட்டேன்.

"தேர்வு முடியட்டும், ஐயா," என்றார்.