சட்டத்துக்கு வெளியே நிற்போர்

நமது பாடசாலை நூலகத்துக்கு அண்மையில் அன்பர் ஒருவர் பெரியதொரு படநூலை வழங்கியிருந்தார். மத்திய ஆபிரிக்காவின் மலைக்காடுகளில் வாழும் கொரில்லாக்களைப் பற்றியது அது. வழிகாட்டிகளின் துணையோடு கமராவும் கையுமாகக் காட்டினுட் சென்ற வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிகள் எடுத்த படங்களின் தொகுதி. பளபளப்பான தாள், நேர்த்தியான அச்சு. மாணவர்கள் அதனைச் சூழ்ந்து நின்று பார்த்தனர். தாயின் மார்பில் உறங்கும் குட்டி, மழையில் நனைந்தபடி தலைகுனிந்திருக்கும் வெள்ளிமுதுகு ஆண், மூங்கிற் குருத்தைக் கடித்துச் சுவைக்கும் இளங் கொரில்லா, இவை யாவும் அவர்களை வியப்பில் ஆழ்த்தின. இறுதிப் பக்கம் வரை புரட்டி முடித்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “சேர், இந்தக் காட்டில ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?”

நூலை மீண்டும் முதலிலிருந்து புரட்டினோம். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். ஒன்றிலேனும் மனித முகம் இல்லை. அந்நூலின் பெயரை ஈண்டு கூறவேண்டியதில்லை. இத்தகைய நூல்கள் இன்று பலவாக வெளிவருகின்றன. ஒன்றைக் கண்டார் யாவற்றையும் கண்டாராவர். எனவே ஒரு நூலை விடுத்து, அந்நூல் சார்ந்த கலைமரபு முழுவதையும் நோக்குவதே பொருத்தமாகும். அம்மாணவியின் கேள்விக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

இப்படங்களின் தொழில்நுட்பச் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்வோம். மலைக் கொரில்லாவைப் படம் பிடித்தல் எளிய காரியமன்று. அடர்ந்த காட்டில் ஒளி குறைவு. பிளாஷ் விளக்கைப் பயன்படுத்துதற்குத் தடை. கமராவின் ஒளிமானியோ தன் முன்னுள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்ற அனுமானத்திலேயே ஒளியைக் கணக்கிடுகின்றது. கரிய உரோமம் படம் முழுவதும் நிறைந்திருக்குமிடத்து அது மயங்கி, கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். அம்மயக்கத்தைத் திருத்தி, கறுப்பைக் கறுப்பாகவே பதிவுசெய்யும் வித்தையைப் புகைப்படப் பயணங்களில் உடன்வரும் ஆசிரியர்கள் பொறுமையுடன் கற்பிக்கின்றனர். இவ்விடத்து ஒரு வரலாற்றுச் செய்தி நினைவுக்கு வருகின்றது. வண்ணப் படச்சுருள் பரவிய காலத்தில், நிறங்களைச் சரிபார்ப்பதற்கு அளவுகோலாக வைக்கப்பட்டிருந்தது வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் படமாகும். ‘ஷேர்லி அட்டை’ என அது வழங்கியது. கரிய தோலுடைய மாந்தரின் முகங்கள் அச்சுருளில் விவரமிழந்து இருண்டமை நெடுங்காலம் குறையாகவே கருதப்படவில்லை. விலங்கின் கருமையைக் காக்க இத்துணை முயலும் கலை, அதே காட்டின் கரிய மனிதரை எவ்வாறு நடத்துகின்றது என்று கேட்பது முறையேயாகும்.

ஒரு படம் எவ்வாறு உருவாகின்றது என்று நோக்குவோம். விடியற் பொழுதிலேயே தடங்காண்போர் காட்டினுட் சென்று, கொரில்லாக்கள் முதல்நாள் இரவு உறங்கிய படுக்கைகளைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து அவை சென்ற வழியைப் பின்தொடர்கின்றனர். இருப்பிடம் தெரிந்ததும் வானொலிக் கருவி மூலம் வழிகாட்டிக்கு அறிவிக்கின்றனர். வழிகாட்டியின் பின்னே, எட்டுப் பேருக்கு மேற்படாத பிரயாணிகள் குழு செல்கின்றது. ஆயுதந் தாங்கிய காவலர் முன்னும் பின்னும் நடக்கின்றனர். பாரமான கமராப் பைகளை அயற்கிராமத்து இளைஞர் சுமக்கின்றனர். வழுக்கும் சரிவுகளில் பிரயாணிகளைக் கைபிடித்து ஏற்றுவோரும் அவர்களே. கொரில்லாக்களுடன் நிற்க அனுமதிக்கப்படுவது ஒரு மணி நேரம். மனிதரைக் கண்டு அவை ஓடாதிருத்தற்கும் முன்னரே பலர் உழைத்திருக்கின்றனர். ஒரு கொரில்லாக் கூட்டத்தை மனிதருக்குப் பழக்க நாள்தோறும் சென்று அருகிருந்து ஈராண்டளவு செலவிடவேண்டும். ஆக, ஒரு நொடியில் எடுக்கப்படும் படத்தின் பின்னே எத்தனையோ பேரின் பல்லாண்டு உழைப்பு நிற்கின்றது. ஆயினும் படத்தின் கீழ் அச்சாகும் பெயர் ஒன்றே. அரிவாளேந்திய கை ஒன்று தற்செயலாகப் படத்தினுள் விழுந்துவிடின், அது பிழையெனக் கழிக்கப்படும்.

அந்த ஒரு மணி நேரத்தின் விலையையும் நோக்குக. ருவாண்டா 2017ஆம் ஆண்டு முதல் அதற்கு 1,500 அமெரிக்க டொலர் அறவிடுகின்றது. உகண்டாவில் வெளிநாட்டுப் பிரயாணிக்கு 2024 முதல் 800 டொலர். ருவாண்டாவின் ஆண்டு உற்பத்தி முழுவதையும் மக்கள் தொகையால் வகுத்தால் ஒருவருக்கு வரும் தொகையிலும் அந்நாட்டின் ஒருமணிக் கட்டணம் கூடியது. பை சுமப்பவனுக்குக் கிடைப்பதோ இருபது டொலரளவு. இவ்விரு தொகைகளுக்குமிடையேயுள்ள தூரமே இக்கலைமரபின் பொருளாதார அடித்தளமாகும்.

படம் ‘பிடித்தல்’ என்று நாம் சொல்கின்றோம். சிறைபிடித்தலும் நாடுபிடித்தலும் அதே வினையால் அமைந்தனவே. கொரில்லாவின் வரலாற்றில் இவை ஒன்றோடொன்று பிணைந்தே வந்துள்ளன. 1861இல் போல் டு ஷாயூ எழுதிய நூல் கொரில்லாவைக் கொடிய அரக்கனாகக் காட்டியது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுள் ஐரோப்பிய வல்லரசுகள் பேர்லின் மாநாட்டிற் கூடி ஆபிரிக்காவைக் கூறுபோட்டன. ‘இருண்ட கண்டத்தில்’ அரக்கர் வாழ்கின்றனர் என்ற கற்பனை அக்கொள்ளைக்கு வசதியாக அமைந்தது. 1902இல் ஜேர்மன் படை அதிகாரி பெரிங்கே சபின்யோ மலையில் இரு கொரில்லாக்களைச் சுட்டு வீழ்த்தினார். கொல்லப்பட்ட இனத்துக்குக் கொன்றவரின் பெயரையே விஞ்ஞானம் சூட்டிற்று.

1921இல் நியூயோர்க் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலைக்காக விருங்கா மலைகளுக்கு வந்தார் கார்ல் ஏக்லி. ஐந்து கொரில்லாக்களை அவரது குழு கொன்று சேகரித்தது. அதே பயணத்தில், தாமே வடிவமைத்த திரைப்படக் கமராவினால் உயிருள்ள கொரில்லாக்களையும் அவர் படம் பிடித்தார். தாம் கொன்ற விலங்கின் முகத்தைக் கண்டு மனங்கலங்கிய அவர், அவற்றைப் பாதுகாக்குமாறு வாதாடினார். அதன் விளைவாக 1925இல் பெல்ஜிய மன்னர் ஆல்பேட்டின் பெயரால் ஒரு தேசியப் பூங்கா எழுந்தது. ரப்பருக்காகக் கொங்கோ மக்களை வதைத்த இரண்டாம் லியோபோல்டின் முடியைச் சூடியவர் இந்த ஆல்பேட் என்பதை மறத்தலாகாது. 1926இல் அம்மலையிலேயே இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார் ஏக்லி. அவரது கொரில்லாக்கள் 1936 முதல் நியூயோர்க்கில் கண்ணாடிக்குப் பின்னே நிற்கின்றன. பின்புறத்தில் எரிமலைகள், சுற்றிலும் பசுமை, மனிதர் எவரும் இல்லை. நமது நூலகத்துப் படநூல் அக்கண்ணாடிப் பேழையின் வழித்தோன்றலே. துப்பாக்கி மறைந்தது, மனிதரற்ற காடு என்ற கற்பனை மட்டும் மறையவில்லை.

அக்கற்பனை வெறும் கற்பனையாக நின்றிருப்பின் நாம் இத்துணை வருந்தவேண்டியதில்லை. அது சட்டமாயிற்று. உகண்டாவின் புவிந்தி, முகாகிங்கா ஆகிய காடுகள் 1991இல் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. வேட்டையாடியும் தேனெடுத்தும் அக்காடுகளிற் காலங்காலமாக வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டனர். காட்டை வெட்டிப் பயிரிட்டோரின் நிலம் நிலமெனக் கணக்கிடப்பட்டது. காட்டைக் காடாகவே வைத்து வாழ்ந்தோரின் உரிமை உரிமையெனக் கொள்ளப்படவில்லை. பட்வாக்களிற் பெரும்பாலோர் நட்டஈடின்றி, பிறர் நிலங்களின் ஓரத்திற் குடிசை கட்டிக் கூலிகளாயினர். 2021இலேதான் உகண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இன்று உல்லாசப் பிரயாணிகளின் நிகழ்ச்சிநிரலில் பட்வாக்களுக்கும் ஓர் இடமுண்டு. கொரில்லாவைப் பார்த்து முடித்த மறுநாள், தீக்கடைந்து காட்டவும் ஆடிக் காட்டவும் அவர்கள் அழைக்கப்படுகின்றனர். தம் முன்னோர் வாழ்ந்த காட்டினுட் காட்சிப் பொருளாக நுழைய அவர்களுக்கு அனுமதியுண்டு. குடிமக்களாக நுழைய இல்லை. படத்தின் சட்டத்துக்கும் வெளியே, நாட்டின் சட்டத்துக்கும் வெளியே நிற்கின்றனர் அவர்கள்.

இவ்விடத்து நேர்மையான மறுப்பொன்று எழும். கொரில்லா அழிந்தொழிந்திருப்பின் யாருக்கு நன்மை? பிரயாணிகளின் பணமும் இப்படங்கள் எழுப்பிய பரிவுமன்றோ அவற்றைக் காத்தன? இம்மறுப்பை நாம் புறக்கணிக்க முடியாது. 1967இல் ருவாண்டாவின் மலைச்சரிவில் ஆராய்ச்சி நிலையம் அமைத்த டயன் ஃபொசியின் படம் 1970 ஜனவரியில் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையின் அட்டையை அலங்கரித்தது. அரக்கன் என்ற பழைய பொய் அதனோடு தகர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் விருங்கா மலைகளில் ஏறத்தாழ 250 கொரில்லாக்களே எஞ்சியிருந்தன. 2015-16இல் எடுத்த கணக்கில் அவை 604 ஆயின. புவிந்தியில் 2018இல் எண்ணப்பட்ட 459ஐயும் கூட்டினால் ஆயிரத்தைக் கடக்கின்றது. இது மானுடத்தின் உண்மையான சாதனை. ஆபிரிக்கக் காவலரும் தடங்காண்போரும் விலங்கு மருத்துவரும் ஈட்டிய சாதனை. கட்டணத்தின் ஒரு பகுதி அயற்கிராமங்களுக்குப் போய்ச் சேருவதும் உண்மையே; ருவாண்டாவில் அது பூங்கா வருமானத்திற் பத்து வீதம்.

எனவே கொரில்லாவா மனிதனா என்று நாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்பதே சூழ்ச்சியாகும். ஏனெனில் காட்டை அழித்தவர் தேனெடுத்த பட்வாக்கள் அல்லர். 1969ஆம் ஆண்டளவில் ருவாண்டாவின் எரிமலைப் பூங்காவில் ஏறத்தாழ 10,000 ஹெக்டயர் நிலம் பைரெத்திரம் என்னும் பூப்பயிருக்காக ஒதுக்கப்பட்டது. ஐரோப்பியச் சந்தைக்குப் பூச்சிகொல்லி செய்ய அப்பூ தேவைப்பட்டது. சந்தை கேட்டபோது காட்டின் புனிதம் குறுக்கே நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டளவில் கொல்ற்றான் என்னும் தாதுவின் விலை உலகச் சந்தையில் ஏறியதும், கொங்கோவின் ககூசி-பியேகா காட்டினுள் ஆயிரக்கணக்கானோர் மண்ணைத் தோண்டப் புகுந்தனர். தோண்டியோர் பசிக்கு விலங்குகள் பலியாயின. தாழ்நிலக் கொரில்லாக்களும் தப்பவில்லை. அத்தாதுவிலிருந்து பெறப்படும் ரன்ரலம் எங்கே போகின்றது? கைத்தொலைபேசிகளுள்ளும் கணினிகளுள்ளும் கமராக்களுள்ளும் போகின்றது. கொரில்லாவின் கண்ணில் மின்னும் ஒளியை வியந்து படம் பிடிக்கும் கருவியின் வயிற்றிலும் கொரில்லாவின் காடு கிடக்கக்கூடும். இத்தொடர்பைக் காட்டாத அழகு அரைகுறை அழகாகும்.

இத்தொடர்பைக் காட்டும் புகைப்படம் சாத்தியமா என்று கேட்பர் சிலர். சாத்தியமே. 2007 யூலையில் கொங்கோவின் விருங்கா பூங்காவிற் கொரில்லாக்கள் சில சுட்டுக் கொல்லப்பட்டன. அவற்றுள் செங்குவேக்வே என்ற வெள்ளிமுதுகும் ஒன்று. இறைச்சிக்காக அவை கொல்லப்படவில்லை. காட்டை வெட்டி மரக்கரி சுட்டு விற்கும் சட்டவிரோத வியாபாரத்தோடு தொடர்புடையது அக்கொலை. அதன் பேருடலை மரக்கொம்புகளாற் கட்டிய பாடையிற் கிடத்தி, காவலரும் ஊராரும் தோள்கொடுத்துச் சுமந்து சென்ற காட்சியைப் பிரென்ட் ஸ்டேர்ட்டன் படமாக்கினார். அப்படத்தில் விலங்கும் மனிதரும் ஒரே சட்டத்துள் நிற்கின்றனர். பாரந்தாங்கும் தோள்கள் தெரிகின்றன. பயிர் விளையும் நிலம் தெரிகின்றது. யார் கொன்றார், ஏன் கொன்றார், இவர்கள் ஏன் அழுது சுமக்கின்றனர் என்ற கேள்விகளை அப்படம் எழுப்பாமல் விடுவதில்லை. அதே பூங்காவில் 2020 ஏப்பிரலில் 12 காவலரும், 2021 ஜனவரியில் 6 காவலரும் ஆயுதக் குழுக்களால் கொல்லப்பட்டனர். அவர்களின் முகங்கள் எந்தப் படநூலை அலங்கரித்தன?

தமிழ் பயின்ற நமக்கு இது புதியதொரு அளவுகோல் அன்று. தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்தபோது விலங்கையும் மரத்தையும் புள்ளையும் ஒருபுறமும் மனிதரை மறுபுறமுமாகப் பிரித்து வைக்கவில்லை. உணவும் தொழிலும் விலங்கோடும் மரத்தோடும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. குறிஞ்சி என்றால் மந்தி தாவும் மலை மட்டுமன்று; தினை காப்பவளும் தேனெடுப்பவனும் வாழும் மலையுமாகும். நிலத்தை அதன் மக்களின் உழைப்பினின்றும் பிரித்துக் காட்டும் கவிதையை நாம் குறையுடையதெனக் கொள்வோமாயின், புகைப்படத்தையும் அவ்வாறே மதிப்பிடுதல் வேண்டும்.

கமராவைத் தூக்கி எறியுமாறு நாம் கூறவில்லை. அதன் சட்டத்தை அகலத் திறக்குமாறு கேட்கின்றோம். தடங்கண்டவன் பெயரும் படத்தின் கீழ் வரட்டும். காட்டின் வரலாறு முகவுரையில் இடம்பெறட்டும். காட்டைக் காத்து வாழ்ந்த மக்களின் நிலவுரிமை, காட்டைக் காக்கும் திட்டத்தின் ஒரு பகுதியாகட்டும். கொரில்லாவின் நல்வாழ்வும் பட்வாவின் நல்வாழ்வும் ஒன்றையொன்று அழித்தே நிலைபெற முடியும் என்று கூறும் ஏற்பாடு, இரண்டையும் விலைபேசும் ஏற்பாடேயாகும்.

அப்படநூலை நாம் நூலகத்திலிருந்து அகற்றவில்லை. மாணவர் கண்டு மகிழ வேண்டிய அழகு அதில் உண்டு. மறுவாரம் ஆபிரிக்கப் படத்தைச் சுவரிற் தொங்கவிட்டு, புவிந்தி எங்கே, விருங்கா எங்கே, அங்கு வாழ்ந்தோர் யாவர் என்று விளக்கினோம். கேள்வி கேட்ட மாணவி அன்று மாலை நூலகத்துக்கு வந்து, ஒரு தாளில் எதையோ எழுதி அந்நூலின் முதற்பக்கத்தில் வைத்துச் சென்றாள். பின்னர் எடுத்துப் பார்த்தோம். “இந்தப் படங்களை எடுக்க வழி வெட்டியவர்களின் பெயர்கள் இதில் இல்லை” என்று எழுதியிருந்தாள். அத்தாளை அங்கேயே ஒட்டிவைத்துள்ளோம். அடுத்துப் புரட்டுவோர் அதனையும் படிக்கட்டும்.