ஓடும் குறியும் ஓடும் விலங்கும்

ஓடும் விலங்கைச் சுடலாமா என்ற பழைய கேள்விக்கு ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் இன்று தயாராக ஒரு பதில் உண்டு: பழகியவர் சுடலாம். தண்டவாளத்தில் ஓடும் பன்றி உருவத்திலும், வேட்டைப் படங்களைத் திரையிட்டு உண்மைத் தோட்டாவாலேயே சுடவிடும் 'சுடுதிரை' அரங்குகளிலும் கை தேர்ந்தவருக்கு, காட்டில் ஓடும் பன்றியையும் ஒரே சூட்டில் வீழ்த்த முடியும் என்கிறார்கள் ஆதரவாளர்கள். 2020 செப்டம்பரில் ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கண்டறியப்பட்ட பிறகு, காட்டுப்பன்றிகளின் தொகையைக் குறைத்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி இந்த வாதத்துக்கு மேலும் வலுவூட்டியது. விரட்டுவேட்டை நடக்கத்தான் போகிறது, பழகாதவரைவிடப் பழகியவர் சுடுவதே மேல் என்று வாதம் முடிகிறது.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆண்டு முழுதும் துப்பாக்கியைத் தொடாமல் நேரே விரட்டுவேட்டைக்கு வந்து நிற்பவரைவிட, குறியோடு துப்பாக்கியை ஓட்டிப் பழகியவர் குறைவாகவே தவறுவார். விளையாட்டு என்ற அளவில் ஓடும் குறிக்கு ஒரு மதிப்பான வரலாறும் உண்டு. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடும் மான் போட்டி சேர்க்கப்பட்டது. ஸ்வீடனின் ஆஸ்கார் ஸ்வான் 1912இல் தமது 64ஆம் வயதில் தங்கமும், 1920இல் 72ஆம் வயதில் வெள்ளியும் வென்றது அந்தக் குறியில்தான். மனிதர் யாருக்கும் எந்த விலங்குக்கும் அதில் தீங்கில்லை.

சிக்கல், அந்தத் திறமையைக் காட்டுக்குக் கொண்டுபோகும்போதுதான் தொடங்குகிறது. 50 மீட்டர் ஓடும் பன்றிப் போட்டியில் உருவம் 10 மீட்டர் இடைவெளியை வேக ஓட்டத்தில் இரண்டரை நொடியில் கடக்கும். அதாவது நொடிக்கு 4 மீட்டர். நாய் துரத்தும் பன்றி நொடிக்கு 8 மீட்டர் ஓடுவது சாதாரணம். நொடிக்கு ஏறத்தாழ 800 மீட்டர் பாயும் தோட்டா 50 மீட்டரைக் கடக்க நொடியில் பதினாறில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் பயிற்சி உருவம் 25 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும், உயிருள்ள பன்றியோ 50 சென்டிமீட்டர் போயிருக்கும். பயிற்சிக் களத்தில் பழகியபடி, உருவத்துக்கு முன்னே அதே தூரம் குறிவைத்துச் சுட்டால் தோட்டா 25 சென்டிமீட்டர் பின்தங்கும். இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமோ ஒரு சாண் அகலந்தான். அதைத் தாண்டிப் பின்னே இருப்பது குடல். விலங்கின் வேகத்தோடு துப்பாக்கியையும் வீசிச் சுடுபவருக்கு இந்தப் பிழை குறையும் என்பது சரியே. ஆனால் பன்றி தண்டவாளத்தில் ஓடுவதில்லை. புதருக்குள் மறைகிறது, பள்ளத்தில் இறங்குகிறது, ஆள் வாசம் பட்டதும் சட்டெனத் திரும்புகிறது. எந்தப் பக்கத்திலிருந்து, எந்த நொடியில் வரும் என்று முன்கூட்டியே அறிவிப்பாரும் இல்லை.

கணக்கைவிடப் பெரிய குறை மதிப்பெண் முறையில் இருக்கிறது. ஓடும் குறிப் போட்டியில் இடைவெளியை உருவம் கடப்பதற்குள் சுடாவிட்டால் பூஜ்யம். குறி தவறிச் சுட்டாலும் அதே பூஜ்யம். குடல் இருக்கும் இடத்தில் பட்டால்கூடச் சில புள்ளி கிடைக்கலாம். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்திலும் விசையை அழுத்திவிடுவதே லாபம் என்று விரல் கற்றுக்கொள்கிறது. வேட்டையில் நிலைமை நேர் எதிர். அங்கே முழுத் தவறும், சுடாத சூடும் விலங்குக்கு ஒன்றும் செய்வதில்லை; பாதி பட்ட சூடுதான் கொடுமை. காட்டில் எதைத் தவிர்க்கவேண்டுமோ அதற்குப் புள்ளி தந்து, எதைப் பழகவேண்டுமோ அதற்குப் பூஜ்யம் போடும் பயிற்சியை அறத்தின் பெயரால் பரிந்துரைப்பது விந்தை. ஆயிரம் முறை சுட்டவரின் கையில் தேர்ச்சி கூடியிருக்கும். விட்டுவிடும் பழக்கம் ஒரு முறைகூட வந்திருக்காது.

பாதி பட்ட சூடு என்ன என்பதைப் பன்றி நின்ற இடத்துத் தரை சொல்லும். நுரை கலந்த வெளிர்சிவப்பு இரத்தம் இருந்தால் நுரையீரல்; விலங்கு அருகிலேயே கிடக்கும். எலும்புச் சில்லு கிடந்தால் கால். கருஞ்சிவப்பும் அரைபட்ட தீனியும் நாற்றமும் இருந்தால் வயிறு. வயிற்றில் பட்ட பன்றி சாக மணிக்கணக்கில் ஆகும். உடனே பின்தொடர்ந்தால் எழுந்து வெகுதூரம் ஓடிவிடும் என்பதால், இரத்தவாடை பிடிக்கும் நாயோடு வருபவரும் சில மணி நேரம் காத்திருந்தே புறப்படுகிறார். காயம்பட்ட விலங்கைத் தாமதமின்றிக் கொல்லவேண்டும் என்கிறது ஜெர்மன் கூட்டாட்சி வேட்டைச் சட்டம். சுட்டபின் செய்யவேண்டியதை இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லும் ஒரு மரபு, சுடுமுன் நிற்கவேண்டிய இடத்தைச் சுடுபவரின் மனத்திடத்துக்கு விட்டுவிடுகிறது.

சுடாமல் விடப் பழக்காத இந்தக் குறையைச் சுடுதிரை அரங்கில் திருத்த வழி இருக்கிறது. சுட்ட கணத்தில் படம் உறைந்து, துளை விழுந்த இடத்தைக் காட்டுகிறது. அதே திரையில் குட்டிகளோடு வரும் தாய்ப்பன்றியையும், பின்னால் ஆள் நிற்கும் பன்றியையும், அதிவேகமாக ஓடும் பன்றியையும் காட்டி, சுடாதவருக்கு முழுப் புள்ளி தரலாம். கட்டணம் கட்டி வருபவர் சுடத்தான் வருகிறார் என்பதால் அப்படிப்பட்ட படம் விலைபோவது சந்தேகமே.

தொகையைக் குறைக்க வேறு வழி ஏது என்ற கேள்விக்கும் அந்த நாடுகளின் வேட்டையிலேயே விடை உண்டு. நெட்டைக்கால் நாய்களுக்குப் பதில் டாக்ஸ்ஹுண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களை விட்டால், அவை குரைத்துக்கொண்டே மெல்லத்தான் தொடரும். பன்றி பதறி ஓடாது. நடக்கும், இடையிடையே நின்று காது கொடுக்கும். சுடுபவரை அகலமான காட்டுப்பாதையில் நிறுத்தாமல், விலங்கு தயங்கும் அடர்வுக்குள் நிறுத்தினால் நின்ற பன்றியே குறியாகும். நார்வேயில் பெருவிலங்கு வேட்டைக்காரர் ஆண்டுதோறும் தேறவேண்டிய தேர்வு, 100 மீட்டரில் அசையாமல் நிற்கும் கலைமான் உருவத்தில் ஐந்து தோட்டாவையும் உயிர்நிலையில் இறக்குவது. இவ்வகை வேட்டைக்கு அந்தத் தேர்வே போதும்.