இலையின் அடிப்பக்கம்

செப்டம்பர் பிறந்துவிட்டால் கனடாவின் ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் வாசல் கதவுகளில் இலையுதிர்கால அலங்காரம் ஏறிவிடும். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, தெர்மாகோல் பலகையின்மேல் களிமண் போர்த்திக் கையால் செய்யும் தொங்கு பலகை. நடுவில் வரவேற்புச் சொல், ஓரத்தில் நாலைந்து மேப்பிள் இலை, ஒரு பூசணி, இரண்டு ஓக் கொட்டை. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு இவ்வளவுதான் தெரியும். படியேறிக் கிட்டே போய்ப் பார்க்கவேண்டிய பொருள் இது.

முதலில் இலையைப் பார்ப்போம். மரத்தடியில் பொறுக்கிய நிஜ இலையையே களிமண்ணில் வைத்து அழுத்தி நரம்பு எடுப்பார்கள். கை தேர்ந்தவர் இலையைத் திருப்பி, அடிப்பக்கம் களிமண்ணில் படும்படி வைப்பார். இலையின் அடியில் நரம்புகள் புடைத்து நிற்கும். மேற்பக்கத்தில் மெல்லிய பள்ளமாக ஓடும். புடைப்பு மண்ணில் பதிந்தால் பள்ளமாகிவிடும். ஆக, அடிப்பக்கத்தை அழுத்தியவருக்கு இலையின் மேல்முகம் அப்படியே கிடைத்துவிடுகிறது! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. காம்பு சேரும் இடத்திலிருந்து மடலுக்கு ஒன்றாகப் பெருநரம்புகள் விரிகின்றன. அவற்றிலிருந்து கிளை, கிளைக்கும் கிளைக்கும் நடுவே கண்ணை இடுக்கினால்தான் தெரியும் நுண்வலை. ஏதோ ஓரிடத்தில் விரலின் அழுத்தம் குறைந்து வலை மங்கியிருக்கும். அச்சில் வார்த்த கடைச்சரக்கில் இந்த மங்கலைக் காணமுடியாது.

சர்க்கரை மேப்பிளின் விளிம்பில் சிறுபற்கள் இரா. இரு மடல்களுக்கு இடையிலுள்ள வெட்டு உருண்டு இறங்கும். செம்மேப்பிளின் விளிம்போ பொடிப்பொடியாய்ப் பல் வைத்தது, வெட்டும் கூராக இறங்கும். ஒரே பலகையில் இரண்டையும் பிரித்துக் காட்டியிருந்தால், செய்தவர் நிஜமாகவே மரத்தடியில் குனிந்து பொறுக்கியவர் என்று நம்பலாம்.

நிறத்தில் இன்னும் நுட்பம் இருக்கிறது. பச்சையம் சிதையும்போது வெளிப்படும் மஞ்சள், இலைக்குள் கோடை முழுவதும் இருந்ததுதான். சிவப்பு அப்படியல்ல. அந்தச் சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் நிறமியை மேப்பிள் இலையுதிர் காலத்தில்தான் புதிதாக உண்டாக்குகிறது; வெயிலான பகலும் குளிர்ந்த இரவும் அடுத்தடுத்து வாய்த்தால் சிவப்பு கூடும். நல்ல பலகையில் தூரிகையும் இதே வரிசையில்தான் போயிருக்கும். முதலில் இலை முழுக்க மஞ்சள். அது காய்ந்தபின் விளிம்பிலிருந்து உள்நோக்கி, ஈரம் வற்றிய தூரிகையால் தட்டித் தட்டிச் சிவப்பு. நரம்போரத்தில் மட்டும் பச்சை ஓர் இழை. பல மேப்பிள் இலைகளில் பச்சை கடைசியாக விடைபெறுவதும் அந்த நரம்போரத்தில்தான். ஒரே சிவப்பாக அடித்த இலை கனடாவின் கொடிக்குப் பொருந்தும். வாசலில் நான் தேடுவது நிறம் மாறிக்கொண்டே இருக்கும் இலையை.

இந்த மென்மைக்கு வாகான மண், சோளமாவும் வெள்ளைப் பசையும் சேர்த்துப் பிசையும் கோல்ட் போர்சலின். இலை விளிம்பைத் தாள் கனத்துக்கு இழுத்துச் சற்றே சுருட்டிவிடலாம். காய்ந்ததும் வெளிச்சம் லேசாக ஊடுருவும். காயும்போது நிறம் ஒரு படி கறுக்கும் என்பதால் பிசையும்போதே வெளிறிய நிறமாகக் கலப்பார்கள். மண் சுருங்கும், தெர்மாகோல் சுருங்காது. பலகைமேல் கனமாக அப்பினால் வெடித்துவிடும். வீட்டு ஓவனில் சுமார் 130 டிகிரி செல்சியஸில் சுடும் பாலிமர் களிமண் என்றால், இலையைத் தனியே சுட்டுத்தான் ஒட்டவேண்டும். தெர்மாகோல் 100 டிகிரி வாக்கிலேயே இளகிப்போகும்.

பின்புலத்தை மரப்பலகைபோல் கீறுவது வழக்கம். பலர் நேர்க்கோடாக இழுத்து முடித்துவிடுகிறார்கள். கணுவை முதலில் வைத்து, ஓடையில் கிடக்கும் கல்லை நீர் சுற்றிப் போவதுபோல் ரேகைகளை அதைச் சுற்றி வளைத்து, மறுபக்கம் மெதுவாக ஒன்றுசேர விட்டிருந்தால் அங்கே கண் நின்றுவிடும்.

பூசணியில் நான் பார்ப்பது காம்பை. அங்கே வாசலில் வைக்கும் ஆரஞ்சுப் பூசணியின் காம்பு கெட்டியானது, ஐந்து விளிம்பு கொண்டது. உருட்டிய மண்குச்சியைச் செருகுவதோடு நிற்காமல் ஐந்து விளிம்பையும் கிள்ளி எடுத்து, அரைத் திருகு திருகி வைத்தவருக்கு என் வணக்கம். ஓக் கொட்டையின் தொப்பியில் செதில் செதிலாக அடுக்கியிருப்பதும் அதே சிரத்தைதான்.

பலகையின் முதுகையும் பார்த்துவிடுங்கள். சணல் கயிறு நுழையும் துளைக்குள் ஒரு துண்டு உறிஞ்சுகுழலைச் செருகிப் பசை வைத்திருப்பார்கள். அது இல்லாவிட்டால், கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கயிறு தெர்மாகோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து மேலே ஏறும். நவம்பர் கடைசியில் அமெரிக்காவின் நன்றியறிதல் நாள் வருவதற்குள் பலகை கீழே கிடக்கும்.